தழும்பு மாட்டுக்காரி

கீரனூர் சாலையைத் தொட இன்னும் பாதித் தூரம் இருக்கும்போதே, முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மாட்டு மணிச் சத்தம் நின்றுவிட்டது. காற்று திரும்பியிருக்கும். இல்லையென்றால் மந்தை கண்மாய்க்குள் இறங்கியிருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தைல மரங்களுக்கு மேலே கொஞ்சம் புழுதிதான் தெரிந்திருக்கும். தோளில் பை, பைக்குள் இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு டார்ச் லைட். செருப்பு வார் அறுந்து சணல் போட்டுக் கட்டியிருந்தேன்.

எத்தனையோ இடங்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கிணறு வெட்டும் கூட்டம், ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பேக்டரி. எங்கிருந்து கிளம்பினாலும் தப்பித்தோம் என்றுதான் இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. அந்த மாட்டுக் கிடை கிடையாகவே இருக்குமா, அடிமாட்டு லாரியில் ஏறிப் போகுமா என்று ஒரு மாதம் முழுக்க யாருக்கும் தெரியாமல் கிடந்தது. நான் கிளம்பிய அன்று அது தன் காலில் நின்றது. அதை நிற்க வைத்தவளிடம் கூலிக்கு இருந்தவன் நான் என்பதே எனக்குப் போதுமான பெருமையாக இருந்தது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்கு அவள் கிடைக்காரம்மா. எனக்கு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சுருட்டிய துண்டு, கையில் ஒரு கருவேலங்கம்பு. அந்தக் கம்பால் அவள் மாட்டை அடித்து நான் பார்த்ததில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டத்தான் அது பயன்பட்டது.

அறுவடை முடிந்த வயலில் இரவு முழுக்க மாடுகளை அடைத்துப் போட்டால் சாணமும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். வயல்காரர் அதற்குக் கூலி தருவார். பகலில் மேய்ச்சல், பொழுது சாய்ந்தால் அடுத்த வயல். இதுதான் கிடை போடுவது. பொன்னமராவதிப் பக்கம் அக்காவுக்கு ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வருஷத்தில் பாதி அது பூட்டியே கிடக்கும். புருஷன் குவைத்தில் டிரைவர். மாடுகள் அவள் கழுத்தில் கட்டிய தாலியைவிட அவளுக்குப் பழையவை. அவள் அப்பன் கொடுத்த மந்தையின் வழிவந்தவை.

நான் அவளிடம் போய்ச் சேர்ந்தது, கடலுக்குப் போன படகுகள் பிடிபட்டு மற்றப் படகுகளும் ஸ்டிரைக்கில் கரையேறி நின்ற காலம். மீன் இல்லாத ஊரில் ஐஸ் யாருக்கு வேண்டும்? பேக்டரியை மூடினார்கள். மேற்கே நடந்தேன். ஒரு திருப்பத்தில் மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தேன். வேலை இருக்கிறதா என்று கேட்டதற்கு அவள் என் ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை.

"அம்மை போட்டிருக்கா?" என்றாள்.

"என்னக்கா?"

"அம்மைப்பா. ஆத்தா வந்து போனாளான்னு கேக்குறேன். காது கேக்காதா ஒனக்கு?"

நெற்றியிலும் தாடையிலும் இருந்த குழிகளைக் காட்டினேன். சின்ன வயதில் வந்தது. அவள் கிட்டே வந்து, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நல்ல தடமாத்தான் இருக்கு. கம்பை எடு. எங்கேருந்து வாரே?"

"ஐஸ் பேக்டரிலேருந்து."

அன்றிலிருந்து என் பெயர் ஐஸு.

அந்தக் கேள்விக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு கோடையில் கிடையில் இருந்த ஒருவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. அவனைப் பார்த்துக்கொண்டவன் அடுத்துப் படுத்தான். பிறகு இன்னொருவன். சின்ன வயதில் அம்மை வந்து போன அவளும் ஒரு கிழவரும் மட்டும் எழுந்து நடமாடி, மந்தையையும் மேய்த்து, படுத்தவர்களுக்கு மோரும் கஞ்சியும் ஊற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு முகத்தில் தடம் இல்லாதவனை அவள் வேலைக்கு வைத்ததில்லை. எங்கள் கிடையில் வேலை பார்த்த நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்தால் ஒரு முகம்கூடச் சமமாக இருக்காது. வேறு கிடைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

படுத்து எந்திரிச்சது, இன்னும் படுக்காதது. அவளுக்கு உலகத்தில் இரண்டே வகைதான். மாடு, மனுஷன், பஸ், மளிகைக் கடை, எல்லாம் இந்த இரண்டில் ஒன்று. ஒரு தடவை நொடித்துப்போய் மறுபடி திறந்த கடையில்தான் அரிசி வாங்குவாள். புது பஸ்ஸைக் கண்டால் ஏற மாட்டாள். "ஒரு தடவை இடிச்சவன் பார்த்துப் போவான். இவன் இன்னும் இடிக்கல, என்னைக்கு இடிப்பான்னு தெரியாது" என்பாள். நான் பத்தாம் வகுப்பில் தோற்றதைச் சொன்னபோது, "திருப்பி எழுதுனியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப நீ படுத்தவன்தான். எந்திரிக்கல. எம் மாடு ஒன்னைவிடப் படிச்சது" என்றாள். கூட இருந்தவர்கள் இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

இந்தக் குணத்தால் அவள் ஒரு முறை பெரிய அடி வாங்கினாள். அதை அவளே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனதால் நானும் எழுதலாம்.

மாட்டுக்காரர்கள் கோமாரிக்குப் பயப்படுவார்கள். வாயும் குளம்பும் புண்ணாகி, எச்சில் ஒழுகி, மேய்ச்சல் எடுக்காமல் போகும் நோய். அக்காவின் மந்தை கோமாரியைப் பார்த்துத் தேறிய மந்தை. தேறியதில் ஒன்றிரண்டு வெயில் ஏறினால் நாய்போல் இரைக்கும். அதுகளை அவள் நிழலோரம் ஓட்டச் சொல்வாள். நான் சேர்ந்து முதல் மழைக்காலம் முடிந்த சமயம், அவளுக்கு உறவுக்காரர் ஒருவரின் கிடையில் புதிதாக ஒரு நோய் வந்தது. மாட்டின் உடம்பெல்லாம் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி, காய்ச்சல், கால் வீக்கம். அவருடைய ஆட்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். அவர் வந்து நின்றதும் அக்கா யோசிக்கவே இல்லை.

"எம் மாடெல்லாம் நோய் கண்டு தேறுன மாடு மாமா. ஒங்க மாட்டையும் இங்கிட்டு ஓட்டிட்டு வாங்க. சேத்தே பாத்துக்கிறோம்."

இரண்டு மந்தையும் ஒரே வயலில் படுத்தன. ஒரே தொட்டியில் குடித்தன. கோமாரியில் தேறிய மாட்டுக்கு இனி எந்த நோயும் அண்டாது என்பது அவள் எண்ணம். மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு தவறு வரும். புதியவன் என்றால் பயந்துபோய் விலகியிருப்பான்.

எங்கள் மாடுகளுக்கும் கட்டி வந்தது. முதலில் வெள்ளச்சி என்ற பசு. பிறகு முன்னால் நடக்கும் மாடு. அதற்கு டீச்சர் என்று பெயர். அது திரும்பும் பக்கம் மந்தை முழுக்கத் திரும்பும். ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. வெத்திலையும் மிளகும் கல்லுப்பும் வெல்லமும் அரைத்து நாக்கில் தடவினோம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். கட்டிகள் பழுத்து, தோல் வட்டம் வட்டமாகக் கழன்று விழுந்தது. வெள்ளச்சி எழுந்திருக்கவில்லை. அதற்குக் குழி வெட்ட அவள் யாரையும் கூப்பிடவில்லை. மண்வெட்டியைப் பிடுங்கப் போன என்னைக் கம்பைக் காட்டி நிறுத்தினாள்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். சின்ன வயது. சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒவ்வொரு மாடாகத் தொட்டுப் பார்த்தார்.

"கோமாரி பார்த்த மாடுதானே டாக்டரம்மா, எப்படி வந்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"அது வேற வைரஸ்ம்மா, இது வேற. இது தோல் கழலை. கோமாரியை எதிர்த்து நின்ன சக்திக்கு இதை அடையாளம் தெரியாது. கோமாரியிலேயே ரகம் ரகமா இருக்கு. ஒரு ரகம் வந்து போச்சுன்னா இன்னொரு ரகம் வராதுன்னு சொல்ல முடியாது. அதுக்கு எதிர்ப்பு நிக்கிறதும் ரொம்ப நாளைக்கு இல்ல. அதான் திரும்பத் திரும்ப ஊசி போடுறோம்."

"அப்ப இது வந்து தேறுனா?"

"இது தேறுன மாட்டுக்கு இதே நோய் மறுபடி வர்றது ரொம்ப அபூர்வம். பல வருசம் தாங்கும்னு சொல்றாங்க. ஆயுசு முழுக்கன்னுகூடச் சொல்றாங்க. நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

அக்கா மாடுகளைப் பார்த்தாள். "அப்ப நாந்தான் கொண்டாந்து விட்டிருக்கேன்" என்றாள். அழவில்லை. அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் பேச்சு அதுதான். "கோமாரி பாத்த மாடுன்னு நெனச்சு இந்தக் கட்டி நோயை நானே கூட்டியாந்தேன். நீங்க அப்படிச் செஞ்சுறாதீங்க." கேட்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடுவாள். தன் தவறையும் அவள் ஒரு தழும்பாகவே வைத்திருந்தாள், எல்லாரும் பார்க்கும்படி.

அந்த வருஷத்துக்குப் பிறகு மந்தை நடக்கும் முறை மாறிப்போனது. கட்டி வந்து தேறியவை முன்னால். புது ஊரின் தண்ணீரில் முதலில் அவைதான் வாய் வைக்கும். புது மேய்ச்சலில் முதல் நாள் அவைதான் இறங்கும். நோய் வராமல் ஊசி மட்டும் போட்டவை நடுவில். இளங்கன்றுகள் கடைசியில். நோய் கண்ட தாயின் பாலைக் குடிக்கும் கன்றுக்குக் கொஞ்ச மாதம் காவல் இருக்கும், பிறகு இருக்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பால் மறக்கும் நேரம் வந்ததும் அக்கா கன்றுகளை ஊசிக்கு ஓட்டிவிடுவாள். மற்றக் கிடைக்காரர்கள், ஊசி போட்டால் மாடு மெலியும் என்று ஒளிந்துகொள்வார்கள். அவளிடம் அதைச் சொன்னால், "படுக்காமயே எந்திரிக்கிறதுக்குத்தான்யா ஊசி. சும்மாக் கெடைக்குதுன்னா வேணாங்கிறியே" என்பாள்.

அடுத்த வருஷம் டாக்டரம்மா வந்து, தேறிய மாடுகளில் சிலவற்றின் ரத்தம் எடுத்துப்போனார். முடிவு வந்ததும் போனில் சொன்னார். பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இன்னும் இருக்கிறதாம். சிலவற்றில் குறைவாகத் தெரிகிறதாம். அப்படித் தெரிந்தாலும் உடம்புக்குள் வேறு வகையில் நினைவிருக்கும், பயப்பட வேண்டாம் என்றாராம். அக்கா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"மாட்டுக்கு வருசம் திரும்பியும் ஞாபகம் இருக்குங்கிறாங்க. குவைத்துல இருக்குற மனுசனுக்குப் பொங்கலுக்குப் பேசுனது தீவாளிக்கு ஞாபகம் இல்ல."

சந்தையில் அவள் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் அவள் எப்படிப்பட்டவள் என்று இன்னும் விளங்கும். தழும்பு மாட்டைச் சந்தையில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தோலில் முடி முளைக்காத வட்டங்கள் தெரியும். அதனால் தரகர்கள் எண்ணெயில் கரியைக் குழைத்துத் தழும்பின்மேல் தடவி மறைப்பார்கள். ஒரு சந்தையில் அவள் விற்க ஓட்டிவந்த கிடேரிக்கு, அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் தரகர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்துக் கரி பூசிவிட்டார். திரும்பி வந்தவள், ஒரு வாளித் தண்ணீரையும் வைக்கோலையும் எடுத்து, அத்தனை பேர் பார்க்க, கிடேரியைத் தேய்த்துக் கழுவினாள்.

"என்ன ஆத்தா, வாரவனைத் தொரத்துறியே" என்றார் தரகர்.

"இந்தத் தடத்துக்காகத்தான்யா இதை வாங்கணும். இனி அந்தச் சீக்கு இதைத் தொடாது. இதை மறைச்சு வித்தா நான் எதை விக்கிறேன்?"

அன்றைக்கு அந்தக் கிடேரி விலை போகவில்லை. ஓட்டிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் அவள் சந்தோஷமாகத்தான் வந்தாள்.

இதெல்லாம் தெரிந்திருந்ததால்தான் கடைசி வருஷம் அவள் எடுத்த முடிவு எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. பயமாக மட்டும் இருந்தது.

தை அறுப்பு முடிந்திருந்தது. கீரனூர்ப் பக்கம் ஓர் ஊரில் பெரிய விவசாயி ஒருவர் தன் வயல்களுக்குக் கிடை பேசியிருந்தார். நல்ல கண்மாய், அறுத்த தாள் நிற்கும் பரந்த வயல். அங்கே இருந்து அப்படியே கிழக்கே தஞ்சாவூர் எல்லை வரை போய்விடலாம். கிளம்பும் முன்பே அந்தத் திசையில் கட்டி நோய் மறுபடி தலைகாட்டுவதாகப் பேச்சு வந்தது. அக்கா கன்றுகளையும் கன்றுத் தாய்களையும் ஊசி மட்டும் போட்டவற்றையும் வீட்டோடு நிறுத்தி, பார்த்துக்கொள்ள எங்களில் ஒருவனை விட்டாள். கட்டி வந்து தேறியவற்றை மட்டும் ஓட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஊர் எல்லையில் அந்த விவசாயியே பத்துப் பேரோடு நின்றுகொண்டிருந்தார்.

"கிடைக்காரம்மா, அப்படியே நில்லுங்க. மாட்டை எறக்காதீங்க."

"நீங்கதானண்ணே வரச் சொன்னீங்க?"

"சொல்லையில ஊருல சீக்கு இல்ல. இப்ப எங்க வீட்டுலயே பசு படுத்துக் கெடக்கு. ஒங்க மாட்டைப் பாத்தா ஒடம்பெல்லாம் கட்டித் தடமா இருக்கு. இதுகளைத் தண்ணியில எறக்கி விட்டுட்டு நாளைக்கு நான் ஊருக்கு என்னன்னு பதில் சொல்ல?"

"தடம் இருக்கிறதாலதாண்ணே தைரியமா வந்தேன். சீக்கு இருக்குற ஊருக்கு இந்த மாடுதான் வரலாம்."

அவர்கள் கேட்கவில்லை. திரும்பிப் போகவும் வழி இல்லை. வந்த வழியில் மேய்ச்சல் தீர்ந்து, குட்டைகள் வற்றிவிட்டன. ஊருக்கு வெளியே தைல மரக் காட்டில் மந்தையை நிறுத்தினோம். தைல மரத்தடியில் புல் ஏது? தண்ணீருக்குக் கைவிட்ட கல்குவாரிக் குழிவரை ஓட்டிப்போய் வர வேண்டும்.

சேதி கேட்டு அக்காவின் கொழுந்தன் பைக்கில் வந்தார். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அடிமாட்டு லாரித் தரகர்.

"மதினி, நாட்டு மாடு. பாலும் இல்ல. எந்த ஊரும் உள்ள விட மாட்டேங்குது. எலும்பு தெரியிறதுக்குள்ள ஏத்தி விட்டுருவோம். இவரு மொத்தமா எடுத்துக்கிறாராம்."

"மொத்தமான்னா என்னையும் சேத்தா?" என்றாள்.

கொழுந்தனின் முகம் சுருங்கியது. ஆனால் கிளம்பவில்லை. அதன்பிறகு சாயங்காலம்தோறும் அந்தத் தரகர் ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரையும் எதுவும் கேட்க மாட்டார். அவருக்கு அவசரம் இல்லை. மெலிவது மாடுகள்தான்.

அக்கா அந்த விவசாயியின் வீட்டு வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, ஒரு பேச்சு. ஒங்க பசு படுத்துக் கெடக்குல்ல, அதுக்குப் பக்கத்துல எம் மாடு ஒண்ணைக் கட்டுறேன். ஒரே தொட்டியில குடிக்கட்டும். ஒரே ஈ ரெண்டையும் கடிக்கட்டும். அமாவாசை வரைக்கும் பாப்போம். எம் மாட்டு ஒடம்புல ஒரு கட்டி எழும்புனா நான் மந்தையைத் திருப்பிக்கிறேன். எழும்பலைன்னா எம் மாடு சீக்கு மாடு இல்லைன்னு ஒத்துக்கிட்டுக் கண்மாயைத் தொறந்து விடுங்க."

அவர் கூட இருந்தவர்களைப் பார்த்தார். "எந்த மாட்டைக் கட்டுவீங்க?"

"டீச்சரை."

வேறு ஏதாவது ஒரு மாட்டைச் சொல்லியிருக்கலாம். டீச்சர் படுத்தால் மந்தைக்குத் தலை இல்லை. திரும்பி வரும்போது கேட்டேன். "நானே நம்பாத மாட்டைக் கட்டி நம்பச் சொன்னா எவன் நம்புவான் ஐஸு?" என்றாள்.

போனில் டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் திட்டினார். இப்படிச் சோதிப்பது சரியில்லை, வேண்டுமானால் தானே வந்து ஊராரிடம் பேசுகிறேன் என்றார். "நீங்க வாங்க டாக்டரம்மா. ஆனா இவங்க கண்ணால பாக்காம ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் அக்கா.

டீச்சரை அந்தத் தொழுவத்தில் கட்டினோம். பக்கத்தில் அவர்களுடைய கலப்பினப் பசு, கண்ணில் நீர் வழிய, கழுத்து முழுக்கக் கட்டியோடு கிடந்தது. அதன் கன்று எட்டத்தில் கட்டிக் கிடந்தது. அக்கா தினமும் போனாள். டீச்சரைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பசுவுக்கும் வெத்திலை மிளகு அரைத்துத் தடவினாள். வேப்பிலைப் புகை போட்டாள். அந்த வீட்டம்மா முதல் நாள் வாசலோடு நின்றவர், பிறகு அம்மியில் தானே அரைத்து வைக்கத் தொடங்கினார்.

பிறை தேய்ந்துகொண்டு வந்தது. மாடுகளின் விலா தெரிய ஆரம்பித்தது. ஒரு காலையில் டீச்சரின் கழுத்தோரம், தாடைக்குக் கீழே, ஒரு வீக்கம் இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு. அந்த நேரம் தொழுவத்தில் அக்காவும் கொழுந்தனும் நானும்தான் இருந்தோம்.

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். "மதினி, மஞ்சளைக் கொழைச்சு அப்பிருவோம். சாமிக்குப் பூசுனதுன்னு சொல்லிக்கலாம். சாயங்காலத்துக்குள்ள வத்திரும்."

லாரித் தரகரைக் கூட்டிவந்த மனுஷனே அப்படிச் சொன்னார். அந்த நேரம் அவருக்கும் மந்தையைக் காப்பாற்றத்தான் தோன்றியது.

அக்கா வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணே! எல்லாரும் வாங்க! டீச்சருக்குக் கழுத்துல வீக்கம் இருக்கு! வந்து பாருங்க!"

கொழுந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஊரே வந்தது. "நாந்தான் அப்பவே சொன்னேன்ல", "இன்னைக்கே ஓட்டச் சொல்லுங்க" என்று ஆளுக்கொன்று பேசினார்கள். விவசாயி மட்டும் மாட்டைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா கூப்பிட்டுக் காட்டுறீங்க" என்றார்.

"பேச்சுன்னா பேச்சுதானண்ணே."

"டாக்டர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது" என்று ஊராரிடம் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா மத்தியானம் வந்தார். காய்ச்சல் பார்த்தார். உடம்பு முழுக்கக் கையை ஓட்டினார். வீக்கத்தின் முடியை விலக்கி, ரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "உண்ணிக் கடி. கட்டி இப்படி ஒத்தையா வராது, காய்ச்சலும் இல்ல" என்றார். அக்கா டீச்சரின் திமிலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அமாவாசைக்கு முன்பே அந்த வீட்டுப் பசு எழுந்து நின்றது. ஆனால் அதன் கன்று படுத்து, எழுந்திருக்கவில்லை. அதற்கு நோயும் வந்ததில்லை, ஊசியும் போடவில்லை. அந்த வீட்டம்மா அதைச் சாக்கால் மூடிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"படுத்தது எந்திரிக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களேக்கா. இது எந்திரிக்கலையே."

வாய்க்கு வாய் அந்தப் பேச்சையே பேசுகிறவள், அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிக்காததுக்கு எங்கிட்டப் பதில் இல்லத்தா" என்றாள். சாயங்காலம் வரை அந்த வீட்டிலேயே இருந்தாள். அன்றைக்கு மந்தையை நாங்களே குவாரிக்கு ஓட்டினோம்.

அமாவாசை தாண்டியது. டீச்சரின் உடம்பில் பழைய தழும்புகள் தவிர ஒன்றும் இல்லை. விவசாயியே காட்டுக்கு வந்தார்.

"கிடைக்காரம்மா, ஓட்டிட்டு வாங்க."

டீச்சர் முன்னால் போனது. முடி முளைக்காத வட்டங்களோடு, விலா தெரிய, மொத்த மந்தையும் தெரு வழியாகப் போயிற்று. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் சனம் ஓரமாக நின்று பார்த்தது. ஒரு ஆள், "எல்லாம் கட்டி வந்து தேறுன மாடுப்பா, இனி ஒண்ணும் வராது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார், தானே கண்டுபிடித்ததுபோல. மாடுகள் கண்மாயில் வயிறளவு இறங்கி நின்று குடித்தன. தரகரின் பைக் அன்று சாயங்காலம் வரவில்லை.

வயல்கள் ஒவ்வொன்றாகக் கிடை போட்டு முடிந்தன. கிழக்கே நகர வேண்டிய நேரம் வந்தது. எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு குறையும் இல்லை, சண்டையும் இல்லை. என்னால் ஒரே மந்தையின் பின்னால் அதற்குமேல் நடக்க முடியாது, அவ்வளவுதான். போய்ச் சொன்னேன்.

அவள் டீச்சருக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். ரெண்டு நாளா ரோட்டையே பாத்துக்கிட்டிருக்க. சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். "வாரேன்க்கா" என்றேன்.

"ஐஸு" என்று கூப்பிட்டாள். "எங்கிட்டாச்சும் விழுந்தேன்னா, எந்திரிச்சதுக்கப்புறம் ஒரு போன் போடு. விழுந்து கெடக்கையிலயும் போடலாம்."

இருட்டுவதற்குள் கீரனூர் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் டீக்கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. ஐஸ் பெட்டியோடு இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்று ஊர்களில் நோய் வராத மாடு கன்றுகளுக்குக் கட்டி நோய்த் தடுப்பூசி போடப் போகிறவர்கள். மாடு பிடிக்க வந்த ஆள் முதல் நாள் உதை வாங்கிக் காலைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டானாம். நான் வருகிறேன் என்றேன். முன்னே எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். அக்காவின் கிடையைச் சொன்னேன். ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாட்டைச் சீக்கு மாட்டோட கட்டிப் போட்டு நின்னாங்களே, அந்தம்மாவா?"

"ஆமா."

"ஏறு" என்றார்.

முதல் வீட்டில் ஒரு செவலைக் கன்று. பால் மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை, தோல் பட்டுத் துணிபோல இருந்தது. முகவாயை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, காதை மடக்கிப் பிடித்தேன். ஊசி இறங்கியபோது ஒரு துள்ளு துள்ளியது. விடவில்லை.

"ஆச்சு" என்றார் ஊசி போட்டவர்.

கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு, அடுத்ததைக் கொண்டுவரச் சொன்னேன்.